குதிரைக் கனகரும் ஏழு தலைமுறையும்

தெல்லிப்பழைக் கனகசபாபதிக்கு இங்கிலாந்தில் ஓடுகிற பந்தயக் குதிரைகளின் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களெல்லாம் தலைகீழ்ப் பாடம். தன் ஒரே மகள் கோபிகா எத்தனையாம் வகுப்பில் படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சாரும், பிள்ளை இப்ப எத்தினையாம் வகுப்பு?" என்று மனைவி மகாதேவியிடம் விசாரிப்பார். ஊர் அவருக்குக் குதிரைக் கனகர் என்று பெயர் வைத்தது. அவருக்கு அதில் மனவருத்தம் ஒன்றுமில்லை. அடுத்த ஒழுங்கையில் இன்னொரு கனகசபாபதிக்கு ஊர் வைத்திருந்த பெயரோடு ஒப்பிட்டால் இது பட்டம் வாங்கின மாதிரி.

எழுபதாம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், கிளாக்கர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனபோது பிடித்தது இந்தப் பயித்தியம். வெள்ளவத்தையில் ஐந்து யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் சனிக்கிழமை தவறாமல் குதிரைக்குக் காசு கட்டுகிற புக்கிக் கடைக்குப் போகிறவர். அவர் கொண்டுவருகிற றேஸ் பேப்பரில் மற்றவர்கள் காசைக் கண்டார்கள். கனகர் வம்சத்தைக் கண்டார். ஒவ்வொரு குதிரையின் பெயருக்குக் கீழும் சின்ன எழுத்தில் தகப்பன் பெயர், தாய் பெயர், தாயின் தகப்பன் பெயர். யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேசுகிறவர்கள் வேலியோரத்தில் நின்று குசுகுசுத்து விசாரிக்கிற சங்கதியையெல்லாம் வெள்ளைக்காரன் பகிரங்கமாக அச்சடித்து விற்கிறானே என்று அவருக்கு மெய் சிலிர்த்தது. இப்படி ஒரு நாகரிகமான சாதி ஏன் நம்மை விட்டுவிட்டுப் போனது என்று அன்று முழுக்க யோசித்தார்.

அந்த வருஷம் நிஜின்ஸ்கி என்ற குதிரை இங்கிலாந்தின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது. அதன் தகப்பன் பெயரைக் கண்டவுடனேயே அது வெல்லும் என்று தனக்குத் தெரிந்துவிட்டதாகக் கனகர் சொன்னார். சொன்னது அடுத்த நாள்.

அவர் ஒருநாளும் ஒரு குதிரையில் ஒரு சதம் கட்டியதில்லை. "சூதாட்டம் வேறை, ஆராய்ச்சி வேறை" என்பார். காசு கட்டினால் பந்தயத்துக்கு முதலே வாயைத் திறக்கவேண்டி வந்துவிடும் என்பதுதான் உண்மை. பந்தயம் முடிந்த பிறகு, எது ஏன் வென்றது என்று சொல்வதில் கனகர் பிழைவிட்டதே கிடையாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு பெப்ரவரியில், டார்பி என்ற பெரிய பந்தயத்தில் முன்பு பத்துக் குதிரை நீளத்தால் வென்ற ஷேர்கார் என்ற குதிரையை யாரோ முகமூடிக்காரர்கள் அயர்லாந்தில் கடத்திக்கொண்டு போனார்கள். கனகர் இரண்டு நாள் ஒப்பிசுக்குப் போகவில்லை. அவருடைய கடிதத்தைக் கண்டு ஊரிலிருந்து மகாதேவி, "ஆருக்கு என்ன, ஏன் இப்பிடி எழுதியிருக்கிறியள்?" என்று பதறிக் கடிதம் போட்டாள். அதே வருஷம் ஆடி மாதம் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. வெள்ளவத்தை வீடும் எரிந்தது. அகதி முகாமில் பத்து நாள் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தார். கப்பலில் எல்லோரும் அழுதார்கள். கடை போனவர் அழுதார், தமையனைப் பறிகொடுத்தவன் அழுதான். கனகரும் அழுதார்.

"பதின்மூண்டு வருசத்துப் பேப்பர், அம்மா. ஒண்டும் மிஞ்சேல்லை" என்று பக்கத்தில் இருந்த வயதான பெண்ணிடம் சொன்னார்.

அவள் தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "காணி எங்கையப்பு போகப்போகுது? கச்சேரிக் கந்தோரிலை உறுதிக்குக் கோப்பி எடுக்கலாம்" என்றாள்.

தான் அழுதது காணி உறுதிப் பத்திரத்துக்கு அல்ல என்று கனகர் அவளுக்குத் திருத்திச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு வெட்கம் அப்போது இருந்தது.

பிறகு யாழ்ப்பாணத்துக்கே மாற்றம் வாங்கிக்கொண்டு தெல்லிப்பழையில் தகப்பன் வழியில் வந்த தன் முதுசக் காணி வீட்டில் குடியிருந்தார். லண்டனுக்குப் போயிருந்த தம்பி மாதாமாதம் பழைய றேஸ் பேப்பர்களைத் தபாலில் அனுப்பினான். தொண்ணூறாம் ஆண்டு யூன் மாதம் ஷெல் விழத் தொடங்கி, ஊர் முழுக்க எழும்பி ஓடியபோது இரண்டு சாக்கு சேர்ந்திருந்தது. வீட்டில் இருந்தது ஒரு சைக்கிள். மகாதேவி தன் தையல் மெஷினின் தலைப்பாகத்தைக் கழற்றிச் சேலையில் சுற்றி வாசலில் வைத்திருந்தாள். கோபிகாவுக்கு மூன்று வயது. அவள் முன் பாரில் இருக்கவேண்டும். மிச்சம் இருந்தது பின் கரியர்.

"மெஷினை உள்ளுக்கு வையும். உது இரும்பு, உதுக்கு ஒண்டும் நடவாது" என்றார் கனகர். "பேப்பர் எண்டால் மழை நனைஞ்சாலே போச்சு. ரெண்டு நாளிலை திரும்பி வரப்போறம்."

இரண்டு சாக்கும் கரியரில் ஏறின. மெஷின் வீட்டுக்குள் போனது. காணி உறுதி இருந்த தகரப்பெட்டி கட்டிலுக்குக் கீழே இருந்தது; அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த இரண்டு நாள் இருபத்தாறு வருஷமாயிற்று.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அவர்கள் கோண்டாவிலில் சொந்தக்காரர் ஒருவரின் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். கரண்ட் போய் மூன்று வருஷம். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். றேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் கேட்கவேண்டும். அயலில் எல்லோரும் அப்படித்தான் இரவு ஒன்பதேகாலுக்கு லண்டன் தமிழ்ச் செய்தி கேட்டார்கள். அந்த யூன் மாதம் ஒரு புதன்கிழமை கனகர் எட்டு மணிக்கே சைக்கிளைக் கவிழ்த்துவிட்டார். அன்று டார்பி. பெடலைச் சுற்றியது மகாதேவி. கனகருக்குக் குறிப்பெழுத இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அவருடைய ஆராய்ச்சிப்படி டென்பி என்ற குதிரை வெல்லவேண்டும். இங்கிலாந்தில் பாதிப்பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். பதினாறு குதிரைகள் வளைவு திரும்பிக் கடைசி நேர்ப்பாதைக்கு வந்த நேரம் மகாதேவியின் மணிக்கட்டு சோர்ந்தது. வெள்ளைக்காரனின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது.

"சுத்தும், சுத்தும். இப்ப விட்டால் எல்லாம் போச்சு" என்று கத்தினார் கனகர்.

வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வந்து நின்றார். செய்தி கேட்க நேரத்தோடு வந்தவர். அவருக்கும் கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும். மகாதேவி வேகமாகச் சுற்றச் சுற்ற, றேடியோ ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"கனகண்ணை, என்ன சொல்லுறான்? கொமாண்டர் இன் சீஃபோ?"

கனகர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம். கொமாண்டர் இன் சீஃப் முன்னுக்கு வாறான்."

"எந்தப் பக்கத்தாலை?"

"வெளிப்பக்கத்தாலை."

"மறிக்க ஒருத்தரும் இல்லையோ?"

"ஆர் மறிக்கிறது? மற்றதெல்லாம் களைச்சு விழுந்திட்டுது" என்றார் கனகர். டென்பி பத்தாவதாக வந்துகொண்டிருந்தது. அவர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது."

மனேச்சர் ஒன்பதேகால் செய்தி வரைக்கும் பொறுக்கவில்லை. அரைமணித்தியாலத்துக்குள் அந்த ஒழுங்கையில் ஏழு குடும்பம் மூட்டை கட்டியது. ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைக் கதிரையோடு தூக்கினார்கள். படைத்தளபதி நேரடியாக வெளிப்பக்கத்தால் இறங்கிவிட்டானாம், மறித்தவர்களெல்லாம் விழுந்துவிட்டார்களாம் என்ற கதை இணுவில் வரைக்கும் போய், அங்கே ஒருவர் தன் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். கனகர் ஒன்றும் அறியார். டென்பியின் தாய்வழியில் என்ன கோளாறு என்று பார்த்துக்கொண்டு உள்ளே இருந்தார்.

அடுத்த நாள் காலை வதந்தி பரப்பியவரை விசாரிக்க இயக்கத்திலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள்.

"ஐயா, ஆர் அந்தக் கொமாண்டர்?"

"குதிரை."

"குதிரையோ? அதுக்கு ஆர் பொறுப்பு?"

"தேப்பன் டான்சிங் பிரேவ். தாய் ஸ்லைற்லி டேஞ்சரஸ்."

எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "கொஞ்சம் ஆபத்தானவள். அது ஆற்றை இயக்கப்பெயர்?"

கனகர் அவர்களை இருத்தி விளங்கப்படுத்தினார். சாக்கை அவிழ்த்துப் பேப்பர் பேப்பராகக் காட்டினார். தாயின் தகப்பன், அவனுடைய தாய், அவள் அமெரிக்காவில் ஓடிய பந்தயங்கள் என்று ஒன்றரை மணித்தியாலம் போனது. விசாரிக்க வந்தவர்கள் பேனையையும் விட்டுவிட்டுத் தப்பிப் போனார்கள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அப்படி நடந்தது அந்த ஒரு தரந்தான்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டிருந்தால் நல்லது. ஊர் அப்படிச் செய்யவில்லை. யார் யாருக்குப் பிறந்தது என்பதை இப்படி ஞாபகம் வைத்திருக்கிற தலை வேறு எதற்கு நல்லது என்று யோசித்து, கலியாணம் பேசுகிறவர்கள் அவரிடம் வரத் தொடங்கினார்கள். கனகர் அதற்கென்றே காத்திருந்தவர்போல ஒரு கொப்பி திறந்தார். மாப்பிள்ளையின் சாதகக் குறிப்பைச் சாத்திரியிடம் காட்டுவார்கள், குடும்பத்தைக் கனகரிடம் கேட்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: "தேப்பன் வழி திறம். ஆனால் தாய் வழியிலை ரெண்டாம் தலைமுறை கொஞ்சம் மங்கலாக் கிடக்கு. நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் யோசியுங்கோ."

ஒன்றும் சொல்லாமலேயே அவர் குழப்பிய கலியாணங்கள் பதினொன்று. அதில் ஒன்று பக்கத்து வீட்டுத் தனுஷாவுடையது. கனடா மாப்பிள்ளை, கணக்காளர், தங்கமான பெடியன். அவனுடைய அம்மம்மா எந்த ஊர் என்பதில் கனகருக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் ஒரு கிழமையில் ஊர்முழுக்க உறுதியாகி, சம்பந்தம் நின்றுபோனது. நாலு வருஷம் கழித்து அதே பெடியனைத் தனுஷா கொழும்பில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கனடாவுக்குப் போனாள். போகிறபோது படலையில் நின்ற கனகரிடம் வந்து, "போட்டு வாறன் மாமா. எந்தக் குதிரையிலை கட்டினாலும் என்ரை கலியாணத்திலை மட்டும் கட்டிப்போடாதேங்கோ" என்றாள். கனகர் அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்துப் பதினாறில், ஆமி பிடித்து வைத்திருந்து திருப்பி விட்ட காணிகளில் கனகரின் காணியும் வந்தது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும் மட்டும் இருந்தன. ஆனால் இது தன் காணிதான் என்று காட்ட உறுதி வேண்டும். உறுதி, தகரப்பெட்டி, கட்டில், மெஷின் எல்லாம் ஒன்றாகப் போன இடம் தெரியாது. உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவரைப் பிடித்துப் பதிவகத்தில் தேடுவித்து, முதல் உறுதியிலிருந்து காணி கைமாறி வந்த வழியைக் காட்டவேண்டும். அந்த நொத்தாரிசு சனிக்கிழமைதான் ஆறுதலாக ஆட்களைச் சந்திக்கிறவர். சனிக்கிழமை என்றால் இங்கிலாந்தில் ஏழெட்டு இடத்தில் பந்தயம். ஓய்வுபெற்ற கனகருக்கு அன்று மூச்சுவிட நேரமில்லை.

"நீ போ பிள்ளை. உனக்கும் உலகம் தெரியவேணும்" என்றார் கோபிகாவிடம்.

கோபிகா அப்போது ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயது. அவளுக்கு வந்த சம்பந்தங்களையெல்லாம் அப்பா தன் கொப்பியை வைத்தே திருப்பி அனுப்பியிருந்தார். அவள் பத்து மாதம் சனிக்கிழமை சனிக்கிழமையாக உலகம் தெரிந்துகொள்ளப் போனாள். பத்தாம் மாதம் உறுதியின் பிரதியோடு வந்தாள். அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பின்னேரத் தேத்தண்ணி நேரம் தாயையும் தகப்பனையும் இருத்தி, அந்த நொத்தாரிசைத்தான் கட்டப்போகிறேன் என்றாள்.

கனகர் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "பேர்?"

"அருட்செல்வன்."

"ஊர்?"

"குருநகர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தேப்பன் என்ன செய்யிறார்?"

"கடற்தொழில். சொந்தமா ரெண்டு போட் இருக்கு."

சைவமா கிறிஸ்தவ வேதமா என்று அவர் கேட்கவில்லை. எந்த ஆட்கள் என்றும் கேட்கவில்லை. படித்த மனிதர் அல்லவா, நேரே கேட்க மாட்டார். "பெடியன் கெட்டிக்காரனா இருக்கலாம், பிள்ளை. கிட்டடி ஓட்டத்துக்கு அது காணும். ஒண்டரை மைல் ஓட்டத்துக்கு வம்சம் வேணும்" என்றார்.

"உங்கடை குதிரையளின்ரை ஆதித் தாய்மார் கனபேருக்குப் பேரே இல்லையெண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்?"

"அது குதிரை. குதிரைக்குப் பறவாயில்லை."

மகாதேவி தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். கனகர் கொஞ்சம் யோசித்து, தான் நியாயமான மனிதன் என்று காட்ட ஒரு வழி கண்டுபிடித்தார். "சரி. நான் சாதி சமயம் பாக்கிறவனில்லை. ஏழு தலைமுறைக்குத் தாய் பேர், தேப்பன் பேர் எழுதிக்கொண்டு வரச் சொல்லு. இருந்தால் கதைப்பம்."

கடலில் போகிறவர்கள் ஏழு தலைமுறைக்கு எங்கே போவார்கள் என்பது அவருடைய கணக்கு. கோபிகா, "சரி அப்பா" என்று எழும்பிப் போய்விட்டாள். அன்றிரவு அவர் நிம்மதியாக நித்திரை கொண்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு அருட்செல்வனும் அவனுடைய தகப்பன் செபநாயகமும் வந்தார்கள். செபநாயகம் அகலமான மனிதர். வெள்ளைச் சேட்டுக்குள் தோள் அடங்காமல் நின்றது. கதிரையில் இருந்தவுடன் சேட்டுப் பையிலிருந்து மடித்த கடதாசியை எடுத்து நீட்டினார்.

"பிள்ளை கேட்டதெண்டு எங்கடை பெடியன் சொன்னவன். எங்கடை பங்குக் கோயில் புத்தகத்திலை கிடந்தது. சுவாமி தன்ரை கையாலை எழுதித் தந்தவர். ஏழு கேட்டியளாம். எட்டாவது அரைவாசி அழிஞ்சுபோச்சு, அதாலை விட்டிட்டம்."

கனகர் கடதாசியை விரித்தார். செபநாயகம், தகப்பன் சூசைப்பிள்ளை, தாய் றெஜினா. சூசைப்பிள்ளை, தகப்பன் பஸ்தியாம்பிள்ளை, தாய் மதலேனாள். பிறந்த திகதி, ஞானஸ்நானத் திகதி, ஞானத்தகப்பன், ஞானத்தாய், கலியாணம், சாவு, அடக்கம். மனுவேல், சந்தியாகு, அந்தோனி என்று மேலே மேலே போய், ஆயிரத்து எண்ணூற்று இருபதுகளில் ஒரு வஸ்தியானில் போய் நின்றது. ஒரு தாயின் பெயர்கூட விடுபடவில்லை.

கனகருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நாற்பத்தேழு வருஷமாக இங்கிலாந்திலிருந்து தபாலில் எடுத்துப் படித்த சாமானை, அதே ஒழுங்கில், தமிழில், யாழ்ப்பாணத்துக்குள்ளேயே கண்டால் ஆராய்ச்சிக்காரன் என்ன செய்வான்? அவருடைய விரல் வரிவரியாக இறங்கியது. "தாய் வழியும் முழுசாக் கிடக்கு" என்று தன்னையறியாமல் சொன்னார். "நாலாம் தலைமுறையிலை ரெண்டு பக்கமும் ஒரே மனுவேலிலை வந்து சேருது. சோக்கான வம்சம்."

பிறகு தான் என்ன சொன்னேன் என்று உணர்ந்து, இருமிக்கொண்டு கடதாசியை மடித்தார்.

"சந்தோசம்" என்றார் செபநாயகம். "இனி உங்கடையையும் ஒருக்கால் காட்டுங்கோ ஐயா. நாங்களும் பாக்கத்தானே வேணும்."

யாரும் கனகரிடம் அதைக் கேட்டதில்லை. "எங்கடை பரம்பரை ஊருக்கே தெரிஞ்சது. எழுத வேண்டியதில்லை. என்ரை ஐயா கார்த்திகேசு. அவற்றை ஐயா கதிரவேற்பிள்ளை. அவற்றை ஐயா வேலுப்பிள்ளை..." என்று சொல்லிக்கொண்டு போய், அங்கே நின்றார். வேலுப்பிள்ளைக்கு மேலே என்ன இருந்தது என்று அவர் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. "பெரிய ஆக்கள்" என்று முடித்தார்.

மகாதேவி அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. உறுதிப் பிரதிகள் இருந்த கோவையோடு வந்தாள். பத்து மாதம் அந்த வழியைத் தேடி எடுத்த அருட்செல்வன் அவசரமாக எழும்பினான்.

"அம்மா, அது இப்ப வேண்டாம்" என்றான் மெதுவாக.

"இரும் தம்பி" என்றாள் மகாதேவி. நாற்பது வருஷத்தில் அவள் அந்த வீட்டில் கடதாசி ஒன்றைக் கையில் எடுத்து வாசித்தது அன்றுதான். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தோராம் ஆண்டு உறுதி. எழுத்துக்கூட்டி, அவசரமில்லாமல் வாசித்தாள்: "துரையவர்களுடைய குதிரைக்குப் புல்லுச் செதுக்குகிற வேலன் என்பவனுக்கு, அவன் செய்த ஊழியத்தைப் பார்த்து, மேற்படி மூன்று பரப்புக் காணியும்..." நிறுத்திவிட்டு விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். "தேப்பன் பேர் போடுற இடத்திலை ஒரு கோடு கிழிச்சுக் கிடக்கு. இருபது வருசத்துக்குப் பிறகு எழுதின அடுத்த உறுதியிலைதான் வேலன் வேலுப்பிள்ளையாகிறார்."

கோபிகா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகர் வாய் திறப்பார், கத்துவார், எல்லோரையும் வெளியே போகச் சொல்வார் என்று நினைத்து, அருட்செல்வன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று கண்ணால் தேடினான்.

கனகர் கையை நீட்டிக் கோவையை வாங்கினார். கண்ணாடியைப் போட்டு அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

"குதிரையின்ரை பேர் எழுதேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா" என்றான் அருட்செல்வன்.

"ஆணோ பெண்ணோ எண்டாவது?"

"இல்லை."

"துரைமார் உப்பிடித்தான். முக்கியமானதை விட்டுப்போடுவாங்கள்" என்றார் கனகர்.

செபநாயகம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு கழுத்தில் தெரிந்தது. "அப்ப உந்தக் குதிரைக் குணம் கொழும்பிலை பிடிச்சதில்லை ஐயா. இரத்தத்திலை வந்தது" என்றார்.

கலியாணம் அடுத்த ஆவணியில் குருநகர்க் கோயிலில் நடந்தது. சனிக்கிழமை. நாளைத் தெரிவு செய்தது மகாதேவி. கனகர் பட்டுவேட்டியோடு முன்வரிசை வாங்கில் இருந்து, எழும்பச் சொன்னபோது எழும்பி, இருக்கச் சொன்னபோது இருந்து, ஒரு பந்தயமும் கேட்காமல் நாள் முழுக்கக் கழித்தார். அன்று பின்னேரம் சம்பந்தி வீட்டு முற்றத்தில் இரண்டு பேரும் கதிரை போட்டு இருந்தபோது, செபநாயகம் குரலைத் தாழ்த்தி, தானும் கொழும்புக்குப் போகிற நேரமெல்லாம் இங்கிலாந்துக் குதிரைகளில் கட்டுகிறவர்தான் என்றார்.

கனகர் கதிரையைக் கிட்ட இழுத்தார். "என்னத்தைப் பாத்துக் கட்டுவியள் சம்பந்தி? தேப்பன் வழியோ, தாய் வழியோ?"

"அதெல்லாம் எனக்கு விளங்காது. பேரிலை கடல், காத்து, மீன் எண்டு ஏதாவது வந்தால் கட்டுவன். சண்டை முடிஞ்ச வருசம் கொழும்பிலை நிண்டன். சீ த ஸ்டார்ஸ் எண்டு ஒரு குதிரை. சீ எண்டால் கடல், ஸ்டார்ஸ் எண்டால் வெள்ளி; கண்ணை மூடிக்கொண்டு கட்டினன். வெண்டிட்டுது."

அந்தக் குதிரையைக் கனகருக்கு நல்ல ஞாபகம். அதன் தகப்பன் ஒரு மைல் ஓட்டக்காரன். ஒன்றரை மைல் டார்பியில் அது மூச்சு வாங்கி நிற்கும் என்று தன் வாழ்நாளில் முதல்தடவையாகப் பந்தயத்துக்கு முதலே வாய்திறந்து சொன்ன குதிரை. அவர் முன்னால் இருந்த நண்டுக் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த அடிகளெல்லாம் சேர்ந்து அவரைத் திருத்தியிருக்கும் என்று நினைத்தால், நாங்கள் யாழ்ப்பாணத்தை அறியாதவர்கள். முதல் ஆறு மாதம் அவர் வேலனைப் பற்றி மூச்சு விடவில்லை. பிறகு ஒருநாள் வாசிகசாலையில், "எங்கடை பூட்டன் அந்தக் காலத்திலை துரையின்ரை குதிரையளோடை நிண்டவர்" என்றார். வருஷம் திரும்ப, பூட்டன் குதிரைகளுக்குப் பொறுப்பாக இருந்தார். இப்போது அவர் பயிற்சியாளர். யாழ்ப்பாணத்தின் முதல் குதிரைப் பயிற்சியாளர். துரை அவரைக் கேட்காமல் குதிரையில் ஏறமாட்டாராம். புல்லுச் செதுக்கியதும் உண்மைதான், ஆனால் எந்தக் குதிரைக்கு எந்தப் புல் என்று தீர்மானிக்கிற அறிவு எல்லோருக்கும் வருமா என்று கேட்கிறார். அந்தக் குதிரையின் பெயரைக் கண்டுபிடிக்க லண்டனில் உள்ள ஆவணக் காப்பகங்களுக்கு நாலு கடிதம் எழுதிவிட்டார். ஒன்றுக்குப் பதில் வந்தது. கிடைக்கவில்லையாம். தேடிப்பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பது கனகரின் அபிப்பிராயம்.

கலியாணம் விசாரிக்க ஆட்கள் வருவது கொஞ்ச நாள் நின்றிருந்தது. இப்போது திரும்பவும் வருகிறார்கள். போன மாதம் உடுவிலிலிருந்து ஒரு பெண்ணின் தாய் தகப்பன் வந்தார்கள். லக்ஷன் என்ற எஞ்சினியர் பெடியனைப் பேசி வந்திருந்தது. நல்ல சைவக் குடும்பம், ஊரில் பெயர் உள்ள ஆட்கள். தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் பெருமையாகச் சொன்னார்கள்.

"அதுக்கு மேலை?" என்றார் கனகர்.

"அதுக்கு மேலை ஆருக்குத் தெரியும், ஐயா?"

"புத்தகம் இல்லையோ?"

"என்ன புத்தகம்?"

கனகர் இரக்கத்தோடு அவர்களைப் பார்த்தார். "பாட்டனுக்கு மேலை ஒண்டும் தெரியாத குடும்பத்திலை எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது? நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் உண்மையான வம்சம் வேணுமெண்டால் குருநகர்ப் பக்கம் பாருங்கோ. அங்கை எல்லாம் எழுத்திலை கிடக்கு. தாய் வழியும் தெளிவு."

வந்தவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். தகப்பன்காரன் படலையைச் சாத்தவும் இல்லை. மகாதேவி போய்ச் சாத்திவிட்டு வந்து, பயற்றங்காய் முறித்துக்கொண்டு கீழே இருந்தாள்.

"முந்திக் குருநகரெண்டு குழப்பினியள், இப்ப குருநகரில்லையெண்டு குழப்புறியள்" என்றாள். "உங்களிட்டை வந்தால் இந்த நாட்டிலை ஒருத்தருக்கும் கலியாணம் நடவாது."

இப்போதெல்லாம் பந்தயம் கைத்தொலைபேசியிலேயே நேரடியாகத் தெரிகிறது. நியூமார்க்கற்றில் இரண்டரை மணிப் பந்தயத்துக்குக் குதிரைகள் ஓடத் தொடங்குகிற கதவுகளுக்குள் நின்றன. கனகர் கைத்தொலைபேசியைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டினார்.